பக்கத்து இலை

இளவழுதி பல்கலைக்கழகத்தில் ஆக்குபேஷனல் தெரபி கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். நோயில் கை கால் விழுந்தவர்களுக்கு, மிச்சமிருக்கும் பலத்தைக் கொண்டு சட்டை போடவும் குளிக்கவும் சாப்பிடவும் மறுபடி பழக்குகிற படிப்பு அது.

ஆஸ்பத்திரிப் பயிற்சியில் அவனிடம் விடப்பட்டவர் சபாபதி. டவுன் பஸ் கண்டக்டர். பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. வாய் போகவில்லை.

முதல் நாள் அவன் கொடுத்த கரண்டியை அவர் திருப்பிக் கொடுத்தார். கரண்டியால் சோறு தின்னத் தான் என்ன வெள்ளைக்காரனா என்று கேட்டார். அப்படியானால் இடது கையால் பிசைந்து சாப்பிடப் பழகலாம் என்றான் அவன். சபாபதி தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கையாலயா?" என்றார்.

பிறகு தட்டை இழுத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் பாதிச் சோறு மடியில் விழுந்தது. உதட்டில் ஒட்டிய பருக்கையை, "படியில தொங்காதே, உள்ள போ" என்று அதட்டுவார். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பார்கள். மெல்ல மெல்லக் கை பழகியது. ஒரு பருக்கை சிந்தாமல், யார் உதவியும் இல்லாமல் சாப்பிட்டு முடித்தார். இளவழுதி அதை வகுப்பில் விளக்கிக் காட்டினான். நண்பர்கள் கைதட்டினார்கள்.

அதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், பகலில் மட்டும் பயிற்சிக்கு வந்துபோவார். அந்த வாரம் சபாபதியின் மனைவி மரகதம் அவனைத் தனியாக அழைத்துப் பேசினாள். வீட்டில் அவர் பின்கட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுகிறார் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அப்பாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார வேண்டும். அவரோ, என் தம்பியை எனக்குப் பதிலாக உட்காரச் சொல்லியாகிவிட்டது, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடு என்கிறாராம். மகள் இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லையாம்.

இளவழுதி அவரிடம் கேட்டான். அவர் சிரித்தார். வண்டி ஷெட்டுக்குப் போயாச்சு தம்பி என்றார்.

அவன் பேராசிரியை ரெபெக்காவிடம் போனான்.

"மேடம், அவரால் முடிகிறது. நான் என் கண்ணால் பார்க்கிறேன். முடிகிற ஒருவர் ஏன் மாட்டேன் என்கிறார்?"

ரெபெக்கா மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட்டாயா?"

"இன்னும் இல்லை."

"நூலகர் வீட்டுக் கல்யாணம். என்னோடு வா."

மண்டபத்து வாசலில் அவர் நின்றார். வலது கை மடியிலேயே இருக்கட்டும், இடது கையால் சாப்பிடு என்றார். இளவழுதி கைக்குட்டையை எடுத்து, வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"வேண்டாம். கட்டு போட்டால் பாவம் என்பார்கள். அது வேறு பாடம். யார் கேட்டாலும் காரணம் சொல்லாதே."

பந்தியில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து ரெபெக்கா நிதானமாகச் சாப்பிட்டார். அவன் இலையில் சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. இடது கையை இலைக்கு மேல் கொண்டுவந்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பினார்.

"கையில என்ன தம்பி?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்புறம் என்ன பழக்கம் இது?"

பெரியவர் தன் இலையைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டார். வேறு யாரும் பார்க்காவிட்டாலும் எல்லோரும் பார்ப்பது போல் இளவழுதிக்கு இருந்தது. மடியில் இருந்த வலது கை தானாக எழுந்தது. அதை அமுக்கினான். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டான்.

கை கழுவும் இடத்தில் ரெபெக்கா வந்து நின்றார்.

"சாப்பிட்டாயா?"

"இல்லை மேடம்."

"கையில் பலம் இல்லையா?"

"இருந்தது."

அவர் குழாயைத் திறந்து கை கழுவினார்.

மறுநாள் சபாபதியின் சாப்பாட்டு நேரத்தில் இளவழுதி தன் டிபன் பாக்ஸோடு போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தான். வலது கையை மடியில் வைத்துக்கொண்டான். இடது கையால் தயிர்சாதத்தை அள்ளினான். பாதி சட்டையில் விழுந்தது. சபாபதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"டிரைவர் புதுசா? கியரே விழ மாட்டேங்குதே."

அடுத்த கவளத்தை எடுத்தான். அதுவும் சிந்தியது. விரலைக் குவிக்காதே, கட்டை விரலால் தள்ளு என்று சபாபதி சொல்லித் தந்தார். அது அவனே அவருக்குச் சொல்லித் தந்தது. அதற்குப் பிறகு தினமும் இருவரும் ஒன்றாகவே சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சபாபதி கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு வர்றியா தம்பி? என் பக்கத்துல ஒரு சீட்டு போட்டு வைக்கிறேன்."

"வர்றேன் ஐயா."

"பாதி வழியில இறங்கக் கூடாது."

"இறங்க மாட்டேன்."

நிச்சயதார்த்தத்தில் சபாபதி பந்தியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் வரப்போகிற சம்பந்தி, மளிகைக் கடைக்காரர். மறுபக்கம் இளவழுதி, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு. பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, சபாபதியின் கையைப் பார்த்தார், இளவழுதியின் கையைப் பார்த்தார், ஊற்றிவிட்டு நகர்ந்தார். எதிர்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். சபாபதியின் காது சிவந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

சம்பந்தியும் பார்த்தார். பிறகு, மார்க்கெட் வழியாகப் போகிற அந்தப் பழைய பஸ்ஸை ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டார். சபாபதிக்குப் பேச்சு வந்துவிட்டது. நிறுத்தியது யார், எதற்காக, அதில் யார் யார் ஓசியில் போனார்கள் என்று ரசம் வரும்வரை சொன்னார். மரகதம் தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் அவள் தோளில் முகம் வைத்துச் சிரித்தாள்.

பாயசம் முடிந்தது. இலையோரத்தில் வாழைப்பழம் மட்டும் மிச்சமிருந்தது.

சபாபதி அதை இடது கையால் பிடித்தார். காம்பைக் கிள்ளப் பார்த்தார். பழம் உருண்டது. மறுபடி பிடித்தார். மறுபடி உருண்டது. எல்லாம் பழக்கியவன் இதைப் பழக்கவில்லை. மடியில் இளவழுதியின் வலது கை சும்மா இருந்தது. அதை எடுத்தால், இத்தனை நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது வேடிக்கையாகிவிடும். எடுக்காவிட்டால் பழம் அப்படியே கிடக்கும்.

அவன் எடுக்கவில்லை.

சம்பந்தி பஸ் பேச்சை நிறுத்தாமலே எட்டி அந்தப் பழத்தை எடுத்தார். அவர் வலது கையெல்லாம் பாயசம். இடது கையில் பிடித்து, வலது விரல் நுனியால் தோலை உரித்து, அந்த இடது கையாலேயே சபாபதியின் இலையில் வைத்தார். அப்புறம் தன் பழத்தை உரித்தார்.

சபாபதி பழத்தைச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை இளவழுதி இதையெல்லாம் ரெபெக்காவிடம் சொன்னான்.

"ஒரு தப்பு செய்துவிட்டேன் மேடம். பழம் உரிக்கப் பழக்கவில்லை. என்னாலும் உரித்துக் கொடுக்க முடியவில்லை. ஒற்றைக் கையால் உரிக்க ஒரு வழி இருக்கிறது. இந்த வாரமே பழக்கிவிடுகிறேன். இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை."

ரெபெக்கா சாவியை எடுத்து மேசையைப் பூட்டினார்.

"பழக்கு," என்றார்.

அவன் கதவருகே போனபோது கூப்பிட்டார்.

"இளவழுதி."

திரும்பினான்.

"சம்பந்தி அடுத்த பந்தியிலும் உரித்து வைக்கட்டும். அவருக்கு மட்டும் தெரிய வேண்டாம்."