பொன்னரங்கன் வீட்டுப் பூனை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் யார் வீட்டு நாயோ அவருடைய பட்டு மெத்தையில் ஏறிப் படுத்துவிட்டது. வந்ததே கோபம்! அரண்மனை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் இனி யாரும் பிராணி வளர்க்கக் கூடாது, மீறினால் காலி செய்ய வேண்டும் என்று தண்டோரா போடச் சொன்னார். எது யாருடைய பிராணி என்று எப்படிக் கண்டுபிடிப்பதாம்? யார் கையைத் தேடிச் சாப்பாட்டுக்குப் போகிறதோ அவரே அதை வளர்ப்பவர் என்று சட்டமும் செய்துவிட்டார்.

இதைக் கேட்டு வேதகிரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வீடுகளுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி. விகடகவி பொன்னரங்கன் குடியிருந்த வீட்டின் மேல் மூன்று வருஷமாக அவருக்கு ஒரு கண். நந்தவனத்தை ஒட்டிய வீடு அது. மாலையில் உலாவ வரும் ராஜா, பொன்னரங்கனின் ஜன்னலருகே நின்று வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடுத்த தெருவரை கேட்கும். கேட்ட நாளெல்லாம் வேதகிரிக்குச் சோறு இறங்காது. இருபது வருஷம் உழைத்த என்னிடம் ஒருநாளாவது இப்படிச் சிரித்திருப்பாரா என்று மனைவியிடம் பொருமுவார். அந்தப் பொன்னரங்கன் ஒரு சாம்பல் பூனை வளர்த்தான்.

வாயால் புகார் சொன்னால் போதாது, பூனையையே சபையில் காட்ட வேண்டும். அதுவோ இவர் தலையைக் கண்டாலே கூரையேறிவிடும். மனிதர் விடுவாரா? தினமும் மத்தியானம் வேலியோரம் போய் வறுத்த மீனை நீட்டினார். முதலில் முறைத்த பூனை, பத்தாம் நாள் கையிலிருந்தே வாங்கித் தின்றது. பதினோராம் நாள் கூடையில் போட்டுச் சபைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

ராஜாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்ற முடியுமா?

"பொன்னரங்கா, இதைக் கொல்லாமல், விரட்டாமல், யாருக்கும் கொடுக்காமல், இது உன் பூனை அல்ல என்று இப்போதே நிரூபி. இல்லையேல் வீட்டைக் காலி செய்" என்றார்.

வேதகிரி மனத்துக்குள் அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கவே தொடங்கிவிட்டார்.

பொன்னரங்கன் கைகூப்பினான். "மன்னா, தங்கள் சட்டப்படியே சோதிக்கலாம். நான் தயிர்ச்சோறு வைக்கிறேன். வேதகிரியார் வெறுங்கையோடு நின்றால் போதும்."

வேதகிரிக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டென்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கூடையைத் திறந்ததும் பூனை தயிர்ச்சோற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக அவருக்குப் பின்னால் போய், எட்டி எட்டி விரல்களை நக்கியது.

"சில நாளாக என் வீட்டுச் சோற்றை இது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, மன்னா. யார் வளர்க்கிறார்கள் என்று நானும்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றான் பொன்னரங்கன்.

"வேதகிரி, நீர் குடியிருப்பதும் அரண்மனை வீடுதானே?" என்று கேட்ட ராஜா, சிரித்த சிரிப்பில் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நந்தவனத்து வீட்டைப் பொன்னரங்கனுக்கே சொந்தமாக எழுதிக் கொடுத்தார்.

"அப்படியானால் அது இனி அரண்மனை வீடல்ல, தங்கள் தடையும் அதற்கில்லை" என்றான் அவன். "வீடிழந்த வேதகிரியார் என் பின்கட்டில் குடியிருக்கட்டும். பூனை வைத்துக்கொள்ள நான் அனுமதி தருகிறேன்."

ஆசைப்பட்ட வீட்டுக்கே வேதகிரி குடிவந்தார். ராஜாவின் சிரிப்பு இப்போது ஒரு சுவருக்கு அப்பாலிருந்து தினமும் கேட்கிறது. சோறு இறங்காமல் அவர் தட்டைத் தள்ளிவைத்தால், அதிலிருக்கும் மீனைப் பூனை தின்றுவிடுகிறது.