உமி போடாத திருடன்

ஏரிக்கரையை ஒட்டி ஒரு நெல்வயல். அந்த வயலில் ஒரு திருடன் இருந்தான். ஆனால் திருடிப் பட்டம் கட்டியதோ ஒரு குருவிக்கு! அந்த அநியாயத்தைக் கேளுங்கள்.

குருவியின் பெயர் புள்ளியாள். சில்லைக் குருவி இனம். நெஞ்சு முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஆள் என்னவோ ஒரு பிடிக்குள் அடங்கிவிடுவாள். கோபம் வந்தாலோ பருந்தையும் ஏசிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். கரையில் நின்ற கருவேல மரத்தில் புல்லைச் சுருட்டிக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தாள். குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. வாய் மட்டும் முளைத்திருந்தது. விடிந்தால் பொழுது சாயும்வரை ஒரே பாட்டுத்தான்: “பசிக்குது! பசிக்குது!”

அந்த வயலுக்கு ஒரு சட்டம் உண்டு. கதிர் பால் பிடிக்கிற காலத்தில் யாரும் அதில் வாய் வைக்கக் கூடாது. முற்றினபிறகு சிந்தினதைத் தின்னலாம், சிதறினதைத் தின்னலாம். பால் கதிரைத் தொடுவது பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் அடிக்கிற மாதிரி. எலிகூட அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. எலியே கட்டுப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

புள்ளியாளும் கட்டுப்பட்டாள். கண் முன்னே வயல் நிறையக் கதிர். அவளோ வரப்புப் புல்லில் தொங்கிக்கொண்டு, கடுகளவு விதையைக் கொத்தி உமியை உரித்து உரித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டினாள். அந்தப் புல்லுமி மரத்தடியில் கொஞ்சம் சேர்ந்து கிடந்தது.

அதே வரப்புப் புல்லில்தான் நாவாய்ப்பூச்சியும் குடியிருந்தான். மெலிந்து நீண்ட உடம்பு. குச்சி குச்சியாகக் கால். நெஞ்சுக்கு அடியில் மடித்து வைத்த ஊசி மூக்கு. கதிர் இல்லாத காலத்தில் புல்லின் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, இருக்கிற இடம் தெரியாமல் கிடந்தான். பேச்சென்றால் அத்தனை பணிவு! “ஐயா, அக்கா” என்றுதான் வாயைத் திறப்பான்.

கதிர் பால் பிடித்தது. வாசம் காற்றில் வந்தது. அவ்வளவுதான்! நாவாய்ப்பூச்சி தன் உற்றார் உறவினரையெல்லாம் கூட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினான். காலையிலும் மாலையிலும் கதிரில் உட்காருவான். வெயில் ஏறினால் பயிருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். நெல் இலையில் பாசிமணி கோத்த மாதிரி வரிசையாக முட்டை வைத்தாள் அவன் பெண்டாட்டி. பச்சைப் பசேலென்று குஞ்சுப்பூச்சிகள் பொரிந்து, அவையும் கதிருக்கே ஏறின.

ஒருநாள் காலை புள்ளியாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“டேய்! கதிரிலே என்னடா பண்றே?”

“ஒண்ணுமில்லேக்கா. நெல்லுக்கு முத்தம் குடுக்கிறேன்.”

“ஊசியைக் குத்திக்கிட்டு என்னடா முத்தம்? பால் கதிரைத் தொடக்கூடாதுன்னு தெரியாதா? இரு, காவக்காரர்கிட்டே சொல்றேன்!”

சொல்லிவிட்டு அவள் நேரே போயிருக்க வேண்டும். கூட்டில் குஞ்சுகள் கத்தின. ‘ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போவோம்’ என்று திரும்பினாள். அதற்குள் நாவாய்ப்பூச்சி காவல்காரர் வீட்டு வாசலுக்குப் போய்விட்டான். திருடன் முந்திக்கொண்டால் திருட்டைப் பார்த்தவன்தானே கைகட்டி நிற்க வேண்டும்!

காவல்காரர் யார்? தொப்பையார் என்று ஒரு தவளை. வயலுக்கு வருகிற பூச்சியைப் பிடித்துத் தின்பது அவர் வேலை. சம்பளமும் அதுதான், சாப்பாடும் அதுதான். ஆனால் இந்த நாவாய்ப்பூச்சியை மட்டும் அவர் தொடமாட்டார். ஒரே ஒருதரம் நாக்கை நீட்டிப் பிடித்தார். அம்மம்மா! ஒரு சாக்கு நிறைய மூட்டைப்பூச்சியை வாய்க்குள் வைத்து நசுக்கின மாதிரி ஒரு நாற்றம்! ‘த்தூ’ என்று துப்பினார். வாய்க்காலில் வாய் கொப்பளித்தார். அன்றிலிருந்து பூச்சி கிழக்கே இருந்தால் தொப்பையார் மேற்கே காவல் பார்த்தார். யாராவது கேட்டால், “பாவம், புல்லைத் தின்கிற ஏழைப் பூச்சி. அதைத் தொந்தரவு பண்ணலாமா?” என்று தர்மம் பேசினார்.

அந்த ஏழைப் பூச்சிதான் இப்போது வாசலில் நின்று மூக்கைச் சிந்தினான்.

“எசமான்! வயல்லே திருட்டு நடக்குது. சொல்லவே எனக்கு வாய் கூசுது. கருவேல மரத்துக் குருவி பால் கதிரைத் தின்னுட்டா! மரத்தடியிலே உமி குவிஞ்சு கிடக்கு. நீங்களே வந்து பாருங்க.”

தொப்பையார் தள்ளி நின்று, மூக்கைத் திருப்பிக்கொண்டு கேட்டார். சீக்கிரம் இவன் போனால் போதும் என்று இருந்தது அவருக்கு. “சரி, சரி, பஞ்சாயத்தைக் கூட்டுறேன். நீ அந்தப் பக்கம் நில்லு” என்றார்.

மடையோரம் பஞ்சாயத்துக் கூடியது. நண்டு வந்தான். அவன் பெயர் கொடுக்கன். எலி வந்தது. தண்டனையை நிறைவேற்றுவது எலியின் பல். வயல் மூலையில் வலை கட்டி வாழும் சிலந்தியும் நூல் பிடித்து இறங்கி வந்தாள்.

கொடுக்கன் மரத்தடி உமியை ஒரு கொடுக்கில் கவ்விக்கொண்டு வந்து நடுவில் கொட்டினான்.

“இது என்ன?”

“உமி” என்றாள் புள்ளியாள். “புல்லுமி! கண்ணைத் திறந்து பாருடா. நெல்லுமி இத்தனூண்டா இருக்கும்?”

“உமி உமிதான்! குருவி தின்னு போட்ட உமியிலே புல்லென்ன நெல்லென்ன?”

“உன் கண்ணைத்தான் குச்சி மேலே தூக்கி வச்சிருக்கியே! அப்படியும் தெரியலேன்னா அந்தக் குச்சி எதுக்குடா?”

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டு மறுபடி கொடுக்கன் பக்கமே சாய்ந்தது. கையில் உமி இருக்கிறது அல்லவா!

புள்ளியாள் நாவாய்ப்பூச்சியைக் காட்டினாள். “திருடன் இவன்! நெல்லுக்குள்ளே ஊசியைக் குத்தறதை நான் கண்ணாலே பார்த்தேன்!”

நாவாய்ப்பூச்சி எட்டி நின்றபடியே கால்களைக் கூப்பினான். “பெரியவங்களே! எனக்குப் பல் இருக்கா? பாருங்க. என் வீட்டு வாசல்லே ஒரு உமி கிடக்கா? பாருங்க. நான் தங்கியிருக்கிற பக்கத்துக் கதிரைப் பாருங்க. ஒரு நெல்லு உடையலே. எப்படி நிமிர்ந்து நிக்குது!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான். வயலின் பெரும்பகுதியில் கதிரெல்லாம் விறைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றது.

“ராஜா மாதிரி நிக்குது!” என்றது எலி.

“சிலந்தி வீட்டுப் பக்கம் பாருங்க!” என்று கத்தினான் கொடுக்கன். “அந்த மூலையிலே கதிரெல்லாம் தலை தொங்கிப் போச்சு! அங்கேயும் குருவி கை வச்சிருக்கா!”

தலை தொங்கினால் திருட்டாம்! நிமிர்ந்து நின்றால் நேர்மையாம்! நெல்லைப் பற்றி இப்படியும் ஒரு தீர்ப்பு உலகத்தில் உண்டா? நீங்களே சொல்லுங்கள்.

தொப்பையாருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. கிட்டே போய் அந்தக் கதிரைத் தொட்டுப் பார்க்கலாம் என்று ஓர் அடி வைத்தார். நாவாய்ப்பூச்சி உடம்பை லேசாக நெளித்தான். குப்பென்று வந்தது வாடை. தொப்பையார் வைத்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

“பார்த்தாச்சு, பார்த்தாச்சு! நல்லாத்தான் இருக்கு” என்றார். “குருவிதான் குற்றவாளி. பொழுது சாயறதுக்குள்ளே எலி அந்தக் கிளையை அறுத்துத் தள்ளட்டும்.”

“கிளையிலே என் குஞ்சுங்க இருக்கு!” என்று அலறினாள் புள்ளியாள். “இறகு முளைக்கலே! விழுந்தா செத்துப் போகும்!”

“திருடறப்போ தெரியலையா?” என்றான் கொடுக்கன்.

எலி மரமேறிவிட்டது. கறுக், கறுக் என்று சத்தம் கேட்டது. கூட்டுக்குள் குஞ்சுகள் அம்மாதான் இரை கொண்டுவருகிறாள் என்று நினைத்து வாயைப் பிளந்தன.

அழுகையெல்லாம் எங்கே போயிற்றோ! புள்ளியாளுக்கு உச்சந்தலை கொதித்தது.

“நிறுத்து எலி! காவக்காரரே, கேளும்! அவன் பக்கம் நிக்குதே ராஜா மாதிரி ஒரு கதிரு, அதை அறுத்து ஏரித் தண்ணியிலே போட்டுப் பாரும். விதைநெல்லைத் தண்ணியிலே கொட்டிப் பதரு எது, மணி எதுன்னு மனுசன் பார்க்கிறானே, அது உமக்குத் தெரியாதா? கரையிலேதானே குந்தியிருக்கீர்!”

நாவாய்ப்பூச்சிக்கு முகம் மாறியது. ஆனாலும் குரல் மாறவில்லை. “எசமான்! கதிரை அறுக்கிறதா? சட்டம் என்ன சொல்லுது? யாரும் கதிர் மேலே வாய் வைக்கக் கூடாது! சட்டத்தை நாமளே மீறினா நாளைக்கு நாடு என்னாகும்?”

“ஆமாமா, சட்டம்” என்று தலையாட்டினார் தொப்பையார்.

அடப் பாவி! சட்டத்தைக் குடித்துத் தீர்த்தவன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான்! புள்ளியாள் அவனையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

“அப்படியா? இதுவரைக்கும் நான் திருடலே. இப்போ திருடறேன். எல்லாரும் நல்லாப் பாருங்க!”

விர்ரென்று பறந்தாள். நாவாய்ப்பூச்சியின் கூட்டம் மொய்த்துக் கிடந்த இடத்துக்கே போனாள். நாற்றம் சூழ்ந்தது. கண் எரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, இருப்பதிலேயே நிமிர்ந்து நின்ற கதிரின் காம்பைக் கடித்தாள். தூக்கிக்கொண்டு வந்து ஏரியில் உதறினாள்.

ஒரு நெல்கூட முங்கவில்லை. செத்த ஈ மாதிரி அத்தனையும் மிதந்தது.

அப்புறம் சிலந்தி மூலைக்குப் போனாள். தலை தொங்கின கதிரில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். நெல் தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், கிடுகிடுவென்று அடிக்குப் போயிற்று.

கூட்டம் கரைக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தது. மரத்தில் கறுக் சத்தமும் நின்றது. கொடுக்கன் மிதந்த நெல்லில் ஒன்றைக் கவ்விப் பிளந்தான். மேலே ஊசி குத்தின பழுப்புப் புள்ளி. உள்ளே வெறும் காற்று.

“அடேயப்பா!” என்றான். “வீட்டுப் பூட்டு உடையலே. வீட்டுக்குள்ளே ஒண்ணுமே இல்லையே!”

சிலந்தி அப்போதுதான் பேசினாள். “வயிறு நிறைஞ்சாத்தானே கதிருக்குத் தலை சாயும்? என் மூலையிலே இவனுங்க வந்தா வலையிலே மாட்டுவானுங்க. நாத்தம்தான். புடிக்குதுன்னா சுத்திக் கட்டுறேன்? எனக்கு வீடு அங்கே இருக்கு, கட்டறேன்.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்னடி?” என்று அவள் பக்கம் பாய்ந்தாள் புள்ளியாள். “என் குஞ்சுங்க கிளையிலே தொங்கறப்போ நூல் நூத்துக்கிட்டு இருந்தியா?”

சிலந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாவாய்ப்பூச்சி பார்த்தான். பணிவெல்லாம் பறந்துபோயிற்று. உடம்பில் இருந்த நாற்றத்தையெல்லாம் ஒரே மூச்சில் விட்டான். எலி மரத்திலிருந்து குதித்து ஓடியது. கொடுக்கன் வளைக்குள் பாய்ந்தான். தொப்பையாரும் வாய்க்காலில் முங்கப் போனார்.

“காவக்காரரே!” புள்ளியாள் அவர் முன்னால் வந்து சிறகை விரித்து நின்றாள். “எங்கே ஓடறீர்? என் கூட்டை அறுக்கச் சொன்னப்போ உமக்கு மூக்கு எங்கே போச்சு? அந்தத் தீர்ப்பு நாறலையா உமக்கு? இந்த நாத்தத்துக்கு யாரும் செத்ததில்லே. நீர் மூக்கைத் திருப்பிக்கிட்டதுக்கு வயலே செத்துக் கிடக்கு! விழுங்குமய்யா, உம்ம வேலையை!”

தொப்பையார் நாவாய்ப்பூச்சியின் பக்கம் திரும்பினார். நாக்கை வீசினார். கண் இரண்டையும் இறுக மூடிக்கொண்டு, ஒரே விழுங்காக விழுங்கினார். அன்றிலிருந்துதான் எந்தத் தவளையும் எதை விழுங்கினாலும் கண்ணை மூடிக்கொள்கிறது. வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுங்கினார், சாகவில்லை. இன்னொன்றையும் விழுங்கினார். அதைப் பார்த்து அவர் பிள்ளைகளும் இறங்கின. சிலந்தி நடுவயல் வரைக்கும் வலையை இழுத்துக் கட்டினாள். ஊசிமுனை அளவு குளவி ஒன்று, பஞ்சாயத்துக்குக்கூட யாரும் கூப்பிடாத ஆள், இலை இலையாகப் போய் வரிசை முட்டைகளைக் குத்திக் கெடுத்தது. எலி, பூச்சி குடியிருந்த வரப்புப் புல்லை அறுத்தது. அதுவும் புள்ளியாள் விதை எடுக்கிற செடிகளை விட்டுவிட்டு.

எல்லாம் அடங்கினபிறகு தொப்பையார் கருவேல மரத்தடிக்கு வந்தார். “புள்ளியா, பெரிய தப்பு நடந்துபோச்சு. மனசுலே வச்சுக்காதே. நல்லவேளை, வயல் தப்பிச்சுது.”

“எங்கே தப்பிச்சுது?” என்றாள் புள்ளியாள் மேலேயிருந்து. “பாதி வயல் பதரா நிக்குது. அதுக்கு இனிமே பால் ஊறுமா? என் கிளையும் பாதிதான் நிக்குது. காத்தடிச்சா இன்னும் ஆடுது. வெட்டுக்காயத்தைப் பார்த்தீரா?”

தொப்பையார் அண்ணாந்து பார்த்தார். எலியின் பல் பதிந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

“நான் என்ன செய்யணும், சொல்லு” என்றார் மெதுவாக.

“இனிமே எவளையாவது திருடின்னு சொல்ல வர்றப்போ, முதல்லே நாத்தம் அடிக்கிற பக்கம் போய்ப் பார்த்துட்டு வாரும். இப்போ நகரும். என் பிள்ளைங்களுக்குப் பசிக்குது.”

சொல்லிவிட்டு, வாயிலிருந்த புல்லுமியை அவர் தலைமேலேயே உதிர்த்தாள். அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

நாறுகிறவனைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுகிற ஊரில், அவன் செய்த பாவமெல்லாம் நல்லவர் தலையில்தான் வந்து விடியும்.