ஒன்பதும் பச்சை

"இருநூத்திப் பன்னிரண்டு சென்சாரும் பச்சை காட்டுது டீச்சர். அப்புறம் எப்படி ஏழு ஆடு செத்துச்சு?"

பஞ்சநாதன் கேட்டுவிட்டு ஷெட்டின் வாசலிலேயே நின்றார்.

தமயந்தி தலை நிமிரவில்லை. மேசைமேல் பழுதான சென்சார் ஒன்று வயிறு பிளந்து கிடந்தது.

அவரைவிட அவளுக்கு இருபது வயது குறைவு. ஆனால் அந்தக் களத்தில் எல்லோருக்கும் சென்சார்களைப் பற்றிப் பாடம் எடுத்தவள் அவள்தான். தலைமைப் பொறியாளரான அவருக்கும் அவள் டீச்சர்தான்.

ஆலைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவை, வற்றிப்போன எண்ணெய்க் கிணறுகள் வழியே பூமிக்கடியில் இறக்கிப் பூட்டிவைக்கும் களம் அது. பூட்டு கசிந்தால் சொல்வதற்குத்தான் மண்ணெங்கும் சென்சார்கள்.

"ஆடு எங்க செத்துச்சு?"

"மேற்குப் பள்ளத்துல. கிடை போட்ட இடத்துலயே. விடியும்போது பார்த்திருக்காங்க."

"மேட்டுல நின்ன ஆடு?"

"அதுக்கெல்லாம் ஒண்ணுமில்லை."

"பள்ளத்துல எத்தனை சென்சார்?"

"ஒன்பது. ஒன்பதும் பச்சை."

"உங்களுக்குப் பச்சை மேல அவ்வளவு பக்தி," என்றாள். "போனை எடுங்க சார். வாசல்ல நட்டிருக்கிற நூத்தி நாலைப் பாருங்க."

"பச்சை."

அவள் வெளியே போனாள். மண்ணிலிருந்து நூற்று நாலைப் பிடுங்கினாள். பேட்டரியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்போ?"

"பச்சைதான்... கொஞ்ச நேரம் ஆகும்போல."

"ஆகட்டும். டீ குடிங்க."

பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். அவர் போனைப் பார்த்தபடியே குடித்து முடித்தார்.

பச்சை.

"ஏன் டீச்சர்?"

"போன வருஷம், பேட்டரி சீக்கிரம் தீருதுன்னு இங்க வந்து நின்னது யாரு?"

"நான்தான்."

"என்ன மாத்தச் சொன்னீங்க?"

அவர் குரல் இறங்கியது. "அளவு மாறினா மட்டும் பேசட்டும். இல்லைன்னா சும்மா இருக்கட்டும்னு."

"தினம் ஒரு தடவை, உயிரோட இருக்கேன்னாவது சொல்லட்டுமேன்னு நான் கேட்டேன்."

"அதுக்கும் பேட்டரி போகுமேன்னு சொன்னேன்."

"நானும் சரின்னு மாத்திக் கொடுத்தேன்," என்றாள் தமயந்தி.

பஞ்சநாதன் பேட்டரியை மேசைமேல் வைத்தார்.

"அப்போ பள்ளத்துல இருக்கிற ஒன்பதும்..."

"எப்போ செத்துச்சோ. மழைக்கு முன்னாலயோ, பின்னாலயோ."

அவர் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். வாயுவைப் பூமிக்குள் இறக்கும் பம்பை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள்.

"பள்ளத்துல இப்போ யார் இருக்கா?"

அவர் வாசலுக்குப் போய் மேற்கே பார்த்தார்.

"சார்."

"மாயழகு. அந்த ஆட்டுக்காரர். மிச்சத்தை ஓட்டிக்கிட்டு காலையிலயே கிளம்பறேன்னார். நான்தான் போனைக் காட்டினேன். பாருங்கண்ணே, வாயுவெல்லாம் இல்லை, பயப்படாதீங்கன்னு."

"அவர் என்ன சொன்னார்?"

"மிஷினே சொல்லுதுன்னா சரிதான் சார்னார்."

"அங்க என்ன பண்றார்?"

"செத்த ஆட்டைப் புதைக்கக் குழி வெட்டறார்."

"அந்த வாயு காத்தைவிடக் கனம். பள்ளத்துல தேங்கும், குழியில இன்னும் தேங்கும். எவ்வளவு ஆழம் சார்?"

பஞ்சநாதன் தன் மார்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார்.

"நாய் தோண்டிடும், ஆழமா வெட்டுங்கன்னு நான்தான்..."

தமயந்தி சுவரில் மாட்டியிருந்த சுவாசக் கருவியை உருவிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினாள். அவர் பின்னால் ஓடிக்கொண்டே மாயழகின் எண்ணை அழுத்தினார்.

ரிங் போனது. போய்க்கொண்டே இருந்து, நின்றது.

மறுபடி அழுத்தினார்.

"எடுத்தாரா?" ஜீப்பைக் கிளப்பியபடி அவள் கேட்டாள்.

"இல்லை டீச்சர். வேலையா இருப்பார். ஏதாவது ஒண்ணுன்னா அவரே கூப்பிட்டிருப்பாரே."

சொன்ன வாயை அவர் கையால் பொத்திக்கொண்டார்.