முச்சாண் கம்பு

“மூணு நாள் பயிற்சி செஞ்சா நாலாவது நாள் படுத்துருதேன், ஆசானே.”

பொன்னையன் இடுப்பைப் பிடித்தபடி சிலம்பக் களரியின் வாசலில் நின்றான். அவனுக்கு அறுபத்து மூன்று வயது. ஆசான் லீலாபாய்க்கு முப்பத்தைந்துகூட இல்லை.

“அப்புறம்?”

“மூணு நாள் எந்திரிக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் தாயம்மையைக் கட்டில்ல இருந்து தூக்கி நாற்காலியில வைக்கா. இந்த மாசக் கடைசியில மக வாறா. என்னால தூக்க முடியலன்னா அம்மையைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோயிருவாளாம்.”

அவன் மனைவி தாயம்மைக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து ஏழு மாதம் ஆகிறது. பேச்சும் போய்விட்டது.

பொன்னையன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். தண்டால் ஐம்பது. பஸ்கி நூறு. கம்பு சுற்று இருநூறு.

“யாரு எழுதினது, அண்ணாச்சி?”

“நான்தான். ஒரே மூச்சில நாக்பூருக்கு லாரி ஓட்டினவன் நான்.”

“வழியில டீ குடிக்கலியா?”

“குடிக்காம? டீ, பாட்டு, கிளீனரோட வாயடி. அது இல்லாம வண்டி ஓடுமா?”

ஆசான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல டீயைக் காணோமே.”

பொன்னையன் தாளை எட்டிப் பார்த்தான்.

“நீங்க கம்பு சுத்தும்போது அக்கா எங்க?”

“உள்ள. கதவைச் சாத்திருவேன். பாத்தா சிரிப்பா.”

“கடைசியா எப்ப சிரிச்சாங்க?”

அவன் தரையைப் பார்த்தான்.

ஆசான் மூலையிலிருந்து மூன்று சாண் நீளத்தில் ஒரு கம்பை எடுத்து வந்து கொடுத்தாள்.

“இது அக்காவுக்கு. அவங்க தட்டினா நிறுத்தணும்.”

தாளை அவளே வைத்துக்கொண்டாள்.

*

மறுநாள் காலை பொன்னையன் கதவைத் திறந்து வைத்தான்.

ஐந்தாவது தண்டாலில் டொக்கென்று ஒரு சத்தம்.

“அஞ்சுதானே ஆச்சு!”

டொக்.

தாயம்மை கம்பால் அடுப்பங்கரையைக் காட்டினாள். முனகிக்கொண்டே போய் டீ போட்டான்.

அடுத்த நாள் ஏழில் தட்டினாள். பிறகு அவனுடைய இடது கையைச் சுட்டினாள். இடது கையால் அவன் கம்பு சுற்றியதே இல்லை. சுற்றினான். கம்பு நழுவிப் போய்த் தவிட்டு வாளியில் விழுந்தது.

தாயம்மை சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தாள்.

பொன்னையன் கம்பை எடுத்துத் துடைத்தான். மறுநாள் வேண்டுமென்றே ஒரு தடவை நழுவவிட்டான்.

நாலாவது நாளும் எழுந்தான். ஐந்தாவது நாள் அவன் எழுவதற்கு முன்னாலேயே அவள் கட்டிலிலிருந்து டொக் கேட்டது.

*

மாதக் கடைசியில் மகள் வந்தாள். அம்மாவின் சேலைகளை ஒரு பையில் அடுக்கினாள்.

“தூக்குங்கப்பா, பாப்போம்.”

பொன்னையன் குனிந்தான். தாயம்மை கம்பை மடியில் வைத்துவிட்டு, வலக்கையால் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றினாள்.

அவன் நிமிர்ந்தபோது அவளும் நிமிர்ந்து நின்றாள்.

“பாதிதான் நான் தூக்கினேன்,” என்றான் பொன்னையன், மகளிடமா மனைவியிடமா என்று தெரியாமல்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் தாயம்மை கம்பை எடுத்தாள். டொக், டொக், டொக்.

“என்னப்பா சொல்றாங்க?”

“மூணு டீ,” என்று சொல்லிவிட்டு அவன் அடுப்பங்கரைக்குப் போனான்.

மகள் பையைக் கீழே வைத்தாள்.