பலகையிலிருந்து இறங்கிய தலைக்கவசம்

பெருமான் திருவருளால் அவ்வாண்டும் தெய்வசிகாமணியின் இரும்பு வார்ப்புப் பட்டறையில் ஓர் உயிருக்கும் ஊறு நேரவில்லை. அந்த நன்றி நெஞ்சில் ததும்ப, அவர் ஆயுத பூசைக்குத் தம் குருநாதர் சிற்றம்பல அடிகளை எழுந்தருளச் செய்திருந்தார்.

உலை ஓய்ந்திருந்தது. கரண்டியும் சுத்தியலும் சந்தனப் பொட்டுடன் பலகைமேல் வீற்றிருந்தன. நடுவில், மூன்று புதிய தலைக்கவசங்கள்.

"பழையவை விரிசல் விட்டுவிட்டன, சுவாமி. தொழிலாளர்களுக்குப் புதியவை வாங்க வேண்டும். இம்மூன்று வகையில் எது உயர்ந்தது? தாங்கள் தொட்டுக் காட்டினால் போதும்."

அடிகள் திருநீறு அணிந்து பூசையைத் தொடங்கினார்.

தீபாராதனை முடிந்த வேளையில் பெருங்காற்று எழுந்தது. கூரைத் தகடு ஒன்று படபடத்தது. கீழே புதிதாய் இட்ட மணல் அச்சுகள். மழை விழுந்தால் கரைந்துபோகும். தொழிலாளி மருதாசலம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். அவனோடு வேலை செய்யும் ரங்கம்மாள் கீழே நின்று ஏணியைப் பற்றினாள்.

"தலைக்கவசம் எங்கேயப்பா?" என்றார் அடிகள்.

"பூசையில இருக்குதுங்க சாமி. நாளைக்கு மறுபூசை ஆனாத்தான் தொடோணும்."

"அதுவரை?"

"அதுவரைக்கும் சாமி பாத்துக்கும்."

"உன் மண்டைக்குள்ள உடையறதுக்கு என்ன இருக்குது? ஏறு!" என்றாள் ரங்கம்மாள். எல்லாரும் சிரித்தனர். தெய்வசிகாமணியும் சிரித்தார்.

அடிகள் பலகையை அணுகி, விலையுயர்ந்த தலைக்கவசத்தைக் கையில் எடுத்தார். சிரிப்பு நின்றது.

"சுவாமி, பூசையில் வைத்தது..." என்று பதறினார் தெய்வசிகாமணி.

அடிகள் அதை ரங்கம்மாளுக்குச் சூட்டினார்.

"குனி, அம்மா."

அவள் குனிந்தாள். அது உருண்டு விழுந்தது.

"தலையில எங்கீங்க சாமி உக்காந்துச்சு? கொண்டை மேலதான குந்தியிருந்துச்சு!" என்றாள் அவள்.

அதையே மருதாசலத்துக்கு வைத்தார். அவனுக்கு அளவெடுத்தாற்போல் அமைந்தது. இரண்டாவது, ரங்கம்மாளின் நெற்றியை அழுத்தியது. மூன்றாவதில் உட்பட்டையைத் தளர்த்திக் கொண்டையைப் பிடரிக்கு இறக்கச் சொன்னார். தாடைக்கீழ் வாரை இறுக்கினார்.

"குனி. தலையை ஆட்டு."

கவசம் அசையவில்லை.

"வலிக்கிறதா?"

"இல்லீங்க சாமி."

"ஏணியைப் பிடி."

மருதாசலம் ஏறினான். தகட்டை இழுத்து முடுக்கும்போது காற்று மீண்டும் வீசியது. அவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது.

மரம் பிளந்தாற்போல் ஓர் ஓசை.

ரங்கம்மாள் ஏணியை விடவில்லை. அவன் இறங்கி வந்த பின்புதான் உட்கார்ந்தாள். கவசத்தைக் கழற்றினாள். உச்சியில் சந்தனப் பொட்டு இருந்த இடம் குழிந்து விரிசல் விட்டிருந்தது. அவள் இரு கைகளாலும் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். மருதாசலம் அவள் காலடியில் அமர்ந்து அழுதான்.

"அழுவாத. எனக்குத்தான் ஒண்ணும் ஆவலியே," என்றாள் அவள்.

தெய்வசிகாமணி அந்தக் கவசத்தை வாங்கி, பலகைமேல் வைத்து, நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து வணங்கினார்.

"என் கண்ணைத் திறந்தீர்கள், சுவாமி. அவரவர் தலைக்கு ஏற்றதாய் எல்லாருக்கும் வாங்கிவிடுகிறேன். வந்தவுடன் இங்கே வைத்து, நல்ல நாள் பார்த்துப் பூசை செய்து..."

அடிகள் அவரைத் தோள்தொட்டு எழுப்பினார்.

"அடிபட்டது இனி உதவாது, சிகாமணி. அது இங்கே இருக்கட்டும். புதியவை வழியில் எங்கும் தங்காமல் தலைக்குப் போகட்டும்."