சின்ன கேட் திறந்த நேரம்

கெட்டவன் யார் என்பது இந்தக் கதையில் புதிரே இல்லை. அவன் பெயர் சரண்ராஜ், கையில் பட்டாக்கத்தி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிர் நல்லவர்களைப் பற்றியது. அவர்கள் மூன்று பேர், மூவருக்கும் நல்ல எண்ணம், ஆனாலும் ஒரு மனிதனின் கை போயிற்று. ஆகவே காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

சென்னைக்குத் தெற்கே, பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. தலைமையாசிரியை சுகிர்தம் கண்டிப்பானவர். சொன்ன சொல் தவறாதவர் என்று பேர் எடுத்தவர், அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு வியாழக்கிழமை காலை இடைவேளையில் பதினொன்றாம் வகுப்பு நிரோஷா அவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சரண்ராஜ் அவளுடைய அண்ணன். போன வருஷம்தான் இதே பள்ளியில் பிளஸ் டூ முடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை கபடி ஆட்டத்தில் எபினேசர் என்ற பிளஸ் டூ மாணவன் அவனை ஊரே பார்க்க அறைந்துவிட்டான். இன்று மத்தியானம் எபினேசரைப் பள்ளிக்குள் வைத்தே வெட்டப் போகிறான் என்றாள் நிரோஷா. பழைய யூனிஃபார்மை எடுத்துத் தெருமுனை இஸ்திரி வண்டியில் நின்று தேய்த்து வாங்கியிருக்கிறான். கத்தி அரிசி டிரம்முக்குள் இருந்தது, அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

"போன தடவை அவனைப் பத்தி அப்பாகிட்ட சொன்னதுக்கு என் கையை உடைச்சான் மிஸ். இப்ப கொன்னே போட்ருவான். நான் சொன்னேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

சரியாகக் கூடாமல் கோணிப்போன அந்த முழங்கையைச் சுகிர்தம் பார்த்தார். அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

உடனே போலீசுக்குப் போன் போட்டு, வரப்போகிறவன் யார் என்று சொல்லாமல், கலாட்டா நடக்கும் போலிருக்கிறது என்றார். ரெண்டு மணிக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். புத்தகம் அடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி எபினேசரைத் தன் அறையிலேயே உட்கார வைத்தார். பிறகு காவலாளி முனிரத்தினத்தைக் கூப்பிட்டார். ஜூன் மாதம்தான் வேலைக்கு வந்தவர், பழைய மாணவர்கள் யாரையும் தெரியாது. அவரிடம் ஒன்று சொன்னால் பத்துக் கேள்வி வரும், கேள்வியில் நிரோஷாவின் பெயர் வெளியே வந்துவிடும் என்று சுகிர்தம் பயந்தார். வெளியாள் ஒருத்தரையும் உள்ளே விடாதீர்கள் என்றதோடு நிறுத்திக்கொண்டார். முனிரத்தினம் ஏன் என்று கேட்கவே இல்லை.

இங்கே அந்தப் பள்ளியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பலர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார்கள். மணி அடித்த பிறகு ஓடி வருகிறவர்களுக்குச் சின்ன கேட்டைத் திறந்து விடுவார்கள். வாசலில் காத்து நின்ற பெண் ஒருத்தியை லாரி அடித்துப் போட்டதிலிருந்து, யூனிஃபார்ம் போட்ட பிள்ளையை ஒரு நிமிஷம்கூடத் தெருவில் நிறுத்தக் கூடாது என்பது சுகிர்தமே போட்ட சட்டம்.

மத்தியான மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், போலீஸ் இன்னும் வரவில்லை. கசங்காத கட்டம் போட்ட யூனிஃபார்ம் சட்டை, தோளில் பை. "சாப்பிடப் போயிருந்தேண்ணா, லேட்டாயிடுச்சு" என்றான் சரண்ராஜ். முனிரத்தினம் சின்ன கேட்டைத் திறந்தார்.

உள்ளே வந்தவன் பையைக் கழற்றி எறிந்தான். கையில் ஒரு முழக் கத்தி. எபினேசர் எங்கே இருக்கிறான் என்று ஜன்னல் வழியாகவே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அறை வாசலில் சுகிர்தம் இரண்டு கையையும் விரித்து நின்றார். அவர் கழுத்துக்கு ஓங்கிய கத்தியைப் பின்னாலிருந்து ஓடிவந்த முனிரத்தினம் வெறுங்கையால் பிடித்தார். சரண்ராஜ் உருவி இழுத்ததில் மூன்று விரல்கள் வராந்தாவில் விழுந்தன. அடுத்த வெட்டு மணிக்கட்டில், அதற்கடுத்தது தோளில். எலும்பில் கத்தி இறங்கிய சத்தம் சுகிர்தத்துக்குக் கேட்டது. அப்படியும் முனிரத்தினம் மறு கையால் வளைத்துப் பிடித்திருந்த அவன் இடுப்பை விடவில்லை. மைதானத்திலிருந்து பையன்கள் கல்லோடும் ஸ்டம்போடும் ஓடிவந்து அவனை அடித்துச் சாய்த்தார்கள். சுகிர்தத்தின் புடவை முழுக்க முனிரத்தினத்தின் ரத்தம்.

எபினேசர் பிழைத்தான். முனிரத்தினத்தின் வலக்கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடியது. உத்தரவை மீறிக் கேட்டைத் திறந்தவரை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிவிட்டார்கள். தலைமையாசிரியையின் கையெழுத்து மட்டும் பாக்கி. கட்டுப் போட்ட கையோடு வந்திருந்த முனிரத்தினம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"வெளியாள விடாதேன்னு சொன்னாங்க. நான் விட்டது நம்ம ஸ்கூல் புள்ளைன்னு நெனச்சித்தான்."

பள்ளியிலிருந்து முன்பே போலீசுக்குப் போன் போனது தெரிந்து, காட்டிக்கொடுத்தது யார் என்று நிரோஷாவின் அப்பா தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. நிரோஷாதான் சொன்னாள் என்று தெரிந்தால் அவள் உயிர் போகும். சுகிர்தம் பேனாவைப் பிடித்தபடி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லி, அதற்கு ஒரு பூட்டும் போட்டவள் நிரோஷா. சத்தியத்தைக் காத்தவர் சுகிர்தம். கேட்டைத் திறந்தவர் முனிரத்தினம். இப்போது சொல்லுங்கள்: அந்தக் கை போனதில் பிழை யாருடையது?

விடை: முனிரத்தினம் சட்டப்படி திறந்தார், அவர்மேல் பிழை இல்லை. நிரோஷா மறைக்கச் சொன்னது தன் பெயரை மட்டும்தான், சட்டையை அல்ல. அந்தச் சட்டை தெருமுனை இஸ்திரி வண்டியில் ஊர் பார்க்கத் தேய்த்தது. யூனிஃபார்மில் வருவான் என்று சொல்லியிருந்தால் யார் சொன்னது என்று ஒருவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. கேட்டதற்கு மேல் சத்தியத்தைக் காத்தவர் சுகிர்தம், பிழை அவருடையது. அது அவருக்கும் அந்தத் தாளைப் பார்த்தபோது புரிந்தது. தீர்மானத்தை அடித்துவிட்டு, யூனிஃபார்மில் வருவான் என்பது எனக்கு முன்பே தெரியும், காவலாளியிடம் நான்தான் சொல்லவில்லை, நீக்குவதானால் என்னை நீக்குங்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டார். யார் சொன்னது என்று எல்லோரும் கேட்டார்கள். அதை அவர் சொல்லவில்லை.