புகையில்லாத கங்கு

மலைக்காட்டில் அந்த மார்கழி மிகக் கொடுமையாக இருந்தது. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. குட்டையில் நீர் குடிக்கப் போன முயலின் மூக்கு பனிக்கட்டியில் முட்டியது.

முயலும் அணிலும் ஒரு பாறைக் குகையில் ஒண்டிக்கொண்டன. பொழுது சாய்கிற நேரம் மந்தி வந்தது. அதன் கையில் ஒரு மண்சட்டி. சட்டி நிறையச் சிவந்த கரிக்கங்கு.

"ஏது மந்தியக்கா இது?" என்று கேட்டது அணில்.

"கிறிஸ்துமஸ் லீவுக்குக் கூடாரம் போட்டவர்கள் விட்டுப் போனது. துளிப் புகை இல்லை, பார்! இனி நமக்குக் குளிர் ஏது?"

மந்தி இலையும் பாசியும் மண்ணும் வைத்துக் குகை வாயை அடைத்தது.

"கொஞ்சம் திறந்திருக்கட்டுமே," என்றது முயல்.

"திறந்து வைத்தால் கணப்பு எதற்கு? பேசாமல் படு."

முயலுக்கு அடைப்பின் ஓரத்தில்தான் இடம் கிடைத்தது. ஒரு கீறல் வழியாகக் குளிர் ஊசி போல் குத்தியது. மற்ற இரண்டும் கங்குச் சட்டியை ஒட்டிச் சுகமாகப் படுத்துக்கொண்டன. அணில் வழக்கம்போல ஓயாமல் பேசியது.

"அந்த நாவல் மரத்தில் ஒரு கிளை. அதில் ஒரு..."

பேச்சு அங்கேயே நின்றது.

"அதில் ஒரு என்ன?" என்றது முயல்.

பதில் இல்லை. கங்கின் வெளிச்சத்தில் அணிலின் கண் பாதி திறந்திருந்தது. மந்தி சிரித்த முகமாகக் கிடந்தது. முயல் காதைத் தூக்கிக் கேட்டது. காலடி இல்லை. எதிரியின் வாடையும் இல்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத யாரோ உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

முயலின் தலையும் கனத்தது. கால்கள் தன்னுடையவை போலவே இல்லை. சாய்ந்தபோது மூக்கு கீறலில் பட்டது. வெளிக்காற்று உள்ளே போனதும் தலை தெளிந்தது. அடைத்த குகைக்குள் கங்கு விடும் நச்சுக்காற்றுதான் மயக்குகிறது என்று முயலுக்குப் புரிந்துவிட்டது.

அது அடைப்பைப் பறித்துத் தள்ளியது. அணிலின் வாலைக் கவ்வி வெளியே இழுத்துப் போட்டது. திரும்பி ஓடி மந்தியின் காதைக் கடித்தது.

"மூடு... குளிருது," என்று முனகியது மந்தி.

"எழுந்திரு அக்கா! இப்படியே கிடந்தால் செத்துப்போவாய்!"

மந்தி தவழ்ந்து வந்து பனியில் விழுந்தது. அணில் அசையவில்லை. முயல் அதன் நெஞ்சை நக்கிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து ஒரு இருமல் வந்தது.

"ஏன் பேச்சை நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டது முயல்.

அணில் மிரண்டு பார்த்தது. "நான் எங்கே நிறுத்தினேன்? இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்."

மந்திக்கு ரோமம் சிலிர்த்தது. அது சட்டியைப் பனியில் கவிழ்த்தது. திறந்த குகையில் மூன்றும் உடம்போடு உடம்பு ஒட்டி, விடியும்வரை நடுங்கிக்கொண்டே விழித்திருந்தன.

எவ்வளவு இதமான இடமானாலும், காற்று வர வழியில்லை என்றால் அங்கே தங்கக் கூடாது.